ஆதாயமில்லாத சாட்சி

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக அவளுக்கு அது முதல் வாரம். வீட்டில் அவளுக்கு டிக்‌ஷனரி என்று பட்டப்பெயர். சோறு ஆறிப்போனாலும் சரி, ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கை நனைப்பாள் என்று அண்ணன் கேலி செய்வான்.

அன்று ஒரு பஸ் டிரைவர் மேல் வழக்கு. சிவப்பு விளக்கை மீறி லாரியில் மோதினார் என்று குற்றச்சாட்டு. மீறியது லாரிதான் என்று சொல்ல இருந்த ஒரே ஆள், விபத்து நடந்த முச்சந்தியில் கடை வைத்திருந்த தையல்காரம்மா. டிரைவரின் வக்கீல் எழுந்து, இவர் ‘டிஸ்இன்டரஸ்டட்’ சாட்சி என்று ஆங்கிலத்தில் பெருமையாக அறிமுகப்படுத்தினார். அவசரத்தில் அவள் அதை “அக்கறையில்லாத சாட்சி” என்று தமிழில் சொல்லிவிட்டாள்.

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. “அக்கறை இல்லாமத்தான் கடையைப் பூட்டிட்டு வந்து நிக்கறேனா? அப்ப என் சாட்சி எதுக்கு?” என்று கூண்டைவிட்டு இறங்கிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை.

என்ன ஆயிற்று என்று நீதிபதி அவளைக் கேட்டார். முதல் வாரமே வேலைக்கு வேட்டு என்று அவளுக்குத் தோன்றியது. ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம். ஆனாலும் எழுந்து நின்று, தவறு தன்னுடையது, சாட்சியிடம் விளக்க அனுமதி வேண்டும் என்றாள். நீதிபதி தலையசைத்தார்.

“அம்மா, பேங்க்ல வட்டியை இன்டரஸ்ட்னு சொல்றாங்கல்ல? அது லத்தீன்லேருந்து வந்த சொல். ‘நடுவுல இருக்கறது’ன்னு அர்த்தம். நடுவுல நமக்கும் ஏதோ பங்கு, ஆதாயம் இருக்குன்னு. முன்னால ‘டிஸ்’ ஒட்டினா அது இல்லைன்னு ஆயிடும், கரண்டை டிஸ்கனெக்ட் பண்ற மாதிரி. இந்த வழக்குல உங்களுக்கு ஒரு ஆதாயமும் இல்ல, அதனால உங்க பேச்சை நம்பலாம்னுதான் வக்கீல் சொன்னார். தப்பாச் சொன்னது நான்.”

தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “டிரைவர் எனக்கு மாமனா மச்சானா? ஆதாயம் எங்கேருந்து வரும்?” என்றபடி மறுபடியும் கூண்டில் ஏறினார்.

அதற்கப்புறம் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. குனிந்து தைக்கிறவருக்கு விளக்கு எப்படித் தெரிந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கப் பார்த்தார். ஊசியில் நூல் கோக்க வெளிச்சத்துக்குத் திரும்பினேன், பஸ்ஸுக்குப் பச்சை எரிந்தது, லாரிதான் நிற்காமல் வந்தது என்றார் அவர். ஒவ்வொரு சொல்லையும் அவள் பிசகாமல் ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அடுத்த வாரம் டிரைவர் விடுதலையானார். அவர் மனைவி வராந்தாவிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்து வரும் பெரிய வழக்குக்கும் அவளையே போடச் சொல்லி நீதிபதி கேட்டிருப்பதாகக் குமாஸ்தா வந்து சொன்னார். அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.