ஏற்கனவே கூட்டிய ஒரு மணி

“உனக்குப் பேச வருமா?” என்று கப்பலிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பெயர் இர்மா. அறுபத்தைந்து வயதிருக்கும், இடது முழங்காலில் கட்டு. குனிந்து அவர் காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை மூன்று கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டியிருந்தேன். இதற்கும் ஆட்டினேன்.

“பேசுவா, பேசுவா,” என்றார் ஹார்லன் மாமா. “வருசத்துக்கு ரெண்டு தடவை. இந்த வருசத்துக்கு இன்னும் ரெண்டும் பாக்கி.”

எல்லோரும் சிரித்தார்கள். இர்மாவின் கணவர் லோவெல்தான் சத்தமாகச் சிரித்தார். சிவப்பு ஜாக்கெட், கழுத்தில் குழந்தை கனத்துக்கு ஒரு கேமரா.

சுற்றுலாக் கப்பல் எங்கள் ஊரில் நிற்கும் நாட்களில் மாமா ஆறு பேரை வேனில் ஏற்றி, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போய் கரடி காட்டுவார். பள்ளியை விட்டபின் நான் அவருக்கு உதவி. அவர் என் அம்மாவின் தம்பி. எங்கள் வீடுகளில் தாய்மாமன் சொல்தான் கடைசிச் சொல். வெளியாட்கள் முன்னால் அவரைத் திருத்துவதும் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான்.

அன்று காலை படகுத்துறையில் அந்த ஆறு பேரும் பார்த்திருக்க, மாமா ஓதப் புத்தகத்தைப் புரட்டினார். கடல் எந்நேரம் ஏறும், எந்நேரம் வற்றும் என்று அச்சடித்த சின்னப் புத்தகம். விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பலகையில் சாக்கட்டியால் எழுதினார்: வற்றும் நேரம் 12.10. அதுவரை கடல் இறங்கும், அதன்பின் ஏறும்.

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

புத்தகத்தில் இருந்தது 11.10. கோடையில் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்போம். பழைய புத்தகத்துக்கு அது தெரியாது, நாம்தான் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஊரில் எல்லோரும் யோசிக்காமலே கூட்டுவார்கள். ஆனால் அந்தப் பழைய புத்தகத்தைத் தந்துகொண்டிருந்த, படகுகளுக்கு டீசல் விற்கும் கடை குளிர்காலத்தோடு மூடிவிட்டது. இது முந்தின நாள்தான் இரும்புக் கடையிலிருந்து நான் வாங்கி வந்த புதியது. பின்னட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: கோடை நேரம் ஏற்கனவே சேர்க்கப்பட்டுள்ளது. அப்படியானால் 11.10-தான் சரி.

வேனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேனில் மாமா பக்கத்து இருக்கையில் லோவெல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

காட்டோரத்தில் வேனை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சாம்பல் நிறச் சேற்றுவெளி, அரை மைல். அதற்கப்பால் ஆற்றை ஒட்டி ஒரு சரளைமேடு. அங்கிருந்துதான் கரடிகள் மீன் பிடிப்பதைப் பார்ப்பது. மேட்டுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு தாழ்ந்த ஓடை உண்டு. கடல் திரும்பும்போது முன்பக்கம் ஏறாது. பின்னால், அந்த ஓடையில்தான் முதலில் சத்தமில்லாமல் நிறையும். தண்ணீர் ஊறிவிட்டால் அந்தச் சேறு காலைப் பிடிக்கும். நான்கு வருடம் முன்பு வாத்து சுட வந்தவன் ஒருவனை அப்படித்தான் பிடித்தது. அவன் நின்ற இடத்தில் நட்ட கம்பு இன்னும் இருக்கிறது.

ஓடையில் சரளை பாவிய இடம் ஒன்றே ஒன்று. அதன் வழியே ஈரம்கூடப் படாமல் கடந்தோம்.

“அவங்களைப் பத்தி இளக்காரமா எதுவும் பேசாதீங்க,” என்று மாமா வழக்கம்போலக் கரடிகளைப் பற்றிச் சொன்னார். “எல்லாம் காதுல விழும்.”

“விழுந்தா என்ன, கேஸ் போடுமா?” என்றார் லோவெல்.

“சும்மா இரேன்யா,” என்றார் இர்மா.

மேட்டில் ஏறியபோது மணி பதினொன்று இருபது. தூறல். எதிரே ஆற்றில் நான்கு கரடிகள். மாமா வந்தவர்களுக்குக் காபி ஊற்றி, உப்பிட்டு உலர்த்திய மீனும் கெட்டி பிஸ்கட்டும் கொடுத்து, ஒவ்வொரு கரடியின் குணத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தண்ணீரைப் பார்த்திருந்தால் போதும், உடனே தெரிந்திருக்கும். அவர் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டையிட்டுச் செத்த மீன்கள் வெளுத்துப்போய்க் கடலை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவை நின்றன. பிறகு ஒன்று, தலை கீழாகத் தொங்க, மெல்ல மலைப்பக்கம் மிதந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று. கடல் திரும்பிவிட்டது.

மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“என்னடி?”

“மாமா, அந்தப் பொஸ்தகத்துல ஒரு மணி ஏற்கனவே கூட்டியிருக்கு.”

“போடி. முப்பது வருசமா நான்தான் கூட்டுறேன்.”

“இது புதுசு மாமா. மீனைப் பாருங்க.”

பார்த்தார். கையிலிருந்த காபி சாய்ந்து பூட்ஸ்மேல் ஊற்றியது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

“எல்லாரும் எந்திரிங்க. கேமராவை உள்ள வைங்க. கெளம்புறோம்.”

“இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னீங்களே?” என்றார் லோவெல்.

“தப்பாச் சொல்லிட்டேன். நடங்க. ஓடாதீங்க.”

திரும்பிப் பார்த்தபோது ஓடை முழுக்க வெள்ளித் தகடு விரித்தாற்போல இருந்தது. கடக்கும் இடத்தில் ஒரு தாய்க்கரடி, முழங்கால் தண்ணீரில், மீனை மிதித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் குட்டி.

சாப்பிடும் கரடியின் வழியை நாங்கள் பறிப்பதில்லை. முடிக்கும்வரை நிற்போம். எத்தனையோ நாள் அப்படி நின்றிருக்கிறோம். மாமா தொப்பியைக் கழற்றினார்.

“தாயே, தப்பு எங்க மேலதான். வயசானவங்க இருக்காங்க. கொஞ்சம் வழி விடுங்க.”

கரடி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு மீனுக்குத் திரும்பியது.

“சத்தம் போட்டு வெரட்டுய்யா!” என்றார் லோவெல்.

“குட்டியோட இருக்கு. வெரட்டினா நம்ம மேலதான் வரும்.”

நின்றோம். எத்தனை நிமிடம் என்று தெரியாது. ஒரு சின்னக் கல் என் கண்முன்னே மூழ்கியது. மாமா அந்தக் கல் இருந்த இடத்தைப் பார்த்தார், கரடியைப் பார்த்தார்.

“கீழ்ப்பக்கமாச் சுத்திப் போறோம். யாரும் நிக்காதீங்க. ஒரு கால் பதிஞ்சா மறு காலை எடுத்திரணும்.”

தண்ணீர் தொடைக்கு வந்தது. பனிமலை உருகி வரும் தண்ணீர். எலும்புக்குள் ஊசி இறங்கியது. லோவெல் முன்னால் போய்விட்டார். மற்ற நால்வரும் கரையேறினார்கள். நடு ஓடையில் இர்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். ஒரே கணம்தான்.

“கால் வரலைங்க,” என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

மாமா திரும்பி ஓடினார். சேற்றில் நிற்காமல் தண்ணீரில் குப்புற விழுந்து, மூச்சடக்கி, அவர் காலைச் சுற்றிக் கையால் தோண்டினார். நான் பின்னாலிருந்து இர்மாவின் அக்குள்களைப் பிடித்துச் சாய்த்தேன். தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியது. மாமா எழுந்து மூச்சு வாங்குவார், மறுபடி முங்குவார். மூன்றாவது தடவை கத்தியோடு முங்கினார்.

கரையிலிருந்து லோவெல் கத்திக்கொண்டிருந்தார். இர்மா கத்தவில்லை. “என்னை விட்டுட்டுப் போ, பொண்ணு,” என்று என் காதோரம் சொன்னார். அவர் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன.

“மாட்டேன்,” என்றேன்.

பூட்ஸ் கிழிந்ததும் கால் பட்டென்று வந்தது. அவரை மல்லாத்தி, மிதக்கவிட்டே இழுத்துப்போனோம். கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் நின்ற சரளைமேட்டில் பாதியைக் காணவில்லை. கரடியும் குட்டியும் எப்போதோ போயிருந்தன.

மாமா வேன் ரேடியோவில் கப்பலுக்குச் சொல்லிவிட்டு வேனை விரட்டினார். கம்பளிக்குள் இர்மா நடுங்கிக்கொண்டே என் விரல்களை விடாமல் பிடித்திருந்தார். துறையில் கப்பலின் மருத்துவர் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். பிழைத்துக்கொள்வார், கால் விரல்களைத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஏறும் முன் இர்மா மாமாவின் கையைத் தொட்டு, “நீங்க திரும்பி வந்தீங்களே,” என்றார். மாமாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர்கள் போனபின் நாங்கள் இருவரும் குழாயடியில் சேற்றைக் கழுவினோம். மாமாவின் நகக்கண்களில் ரத்தம்.

“பொஸ்தகத்துல மணி கூட்டியிருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?” என்றார், கையைப் பார்த்தபடி.

பொய் சொல்ல நேரம் இருந்தது. மேட்டில் மீனைப் பார்த்தபோதுதான் என்று சொன்னால் போதும்.

“காலையிலயே. நீங்க பலகைல எழுதுறப்பவே. அவங்க எல்லாரும் நின்னாங்க, மாமா. அதான்.”

அவர் குழாயை மூடினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தேவலை. என் மரியாதைக்காகவா ஆறு பேரை அங்கே கூட்டிப்போக விட்டாய் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. ஈரத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வேனையும் என்னையும் அங்கேயே விட்டுவிட்டு, மழையில் மேட்டு ரோட்டில் ஏறி நடந்து போனார்.