புகை வெயில்

ரஞ்சித்குமாருக்குச் சந்தோஷத்தை அளவாக வைத்துக்கொள்ளத் தெரியாது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, தீபாவளியை ஒட்டி அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கடத்தூர்ப் பக்கம் டெம்போ ஓட்டுகிறவன். அந்த டெம்போவிலேயே பட்டாசை ஏற்றி வந்து வாசலில் இறக்கி, வேண்டியவர்கள் எடுத்து வெடியுங்கள் என்று பிரித்துவிட்டான். ஏழு வருஷமாக ஊர் பேசிய பேச்சுக்கு அவன் கொடுத்த பதில் அது. ஊரும் கூச்சப்படாமல் அள்ளிக்கொண்டு போய் வெடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் ஐஸ்வர்யா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்.

"லேசா மஞ்ச இருக்குதுங்க. தெனமும் பகல் வெளிச்சத்துல துணிய அவுத்துப் பாருங்க. மஞ்ச காலுக்கு எறங்குச்சுன்னா நிக்காதீங்க, ஒடனே தூக்கியாங்க."

தீபாவளிக்கு மறுநாள் பொழுது விடிந்தது, வெயில் வரவில்லை. சுற்றிலும் குன்று, துளிக் காற்றில்லை. ஊரே வெடித்த புகை பனியோடு சேர்ந்து கூரைமேல் படுத்துக் கிடந்தது. நேரம் ஏறியபின் சூரியன் பழைய பித்தளைத் தட்டு மாதிரி தெரிந்தது, கண் கூசாமல் பார்க்கலாம். வெயில் தரையைச் சுட்டால்தான் புகை மேலே போகும். புகை போனால்தான் வெயில் தரைக்கு வரும். நீ முந்தியா, நான் முந்தியா என்று இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

வாசலில் பழைய வேட்டியை விரித்து, அவன் மனைவி கலைமணி குழந்தையின் துணியை அவிழ்த்தாள்.

"என்னங்க, காலு வரைக்கும் மஞ்சளாத் தெரியுதுங்க."

"இந்தப் பொகை வெயிலுக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும்." அவன் தன் கையைக் குழந்தையின் காலருகே நீட்டினான். "என் கையப் பாரு, மஞ்சளா இல்ல? வேட்டியப் பாரு. நம்ம வூட்டுச் செவுத்தப் பாரு. அப்ப செவுத்துக்கும் காமாலையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுண்ணாம்படித்த சுவர் மஞ்சளாகத்தான் இருந்தது. கண்ணெதிரே இருப்பதை எப்படி மறுப்பாள்? ஆனால் குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது.

"அழுவவே மாட்டேங்குது, தங்கமான புள்ள" என்று பெருமைப்பட்டான் பாவி.

அடுத்த நாளும் அதே வெயில். அன்றிரவு மழை பிடித்து, காலையில் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. சுவர் வெள்ளையாகிவிட்டது. வேட்டி வெள்ளையாகிவிட்டது. அவன் கை பழையபடி கறுப்பாகிவிட்டது. குழந்தை மட்டும் மஞ்சளாகவே கிடந்தது.

தர்மபுரிக்கு டெம்போவை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. குழந்தைக்கு ரத்தம் மாற்றினார்கள். நீல விளக்கின் கீழே படுக்கவைத்தார்கள்.

"வெளிச்சத்துலதானுங்க பாத்தோம்" என்றான் டாக்டரம்மாவிடம்.

"பட்டாசுத் தூசி காத்துல நின்னா, வெயில்ல இருக்கற நீலம் செதறிப் போயிருங்க. மஞ்சளும் செவப்பும்தான் கீழ வந்து சேரும். அந்த வெளிச்சத்துல மஞ்சளக் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு நாளைக்கு முன்னால வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மஞ்ச மூளைக்கு ஏறியிருந்தா, எதக் கெடுத்திருக்குன்னு போகப் போகத்தான் தெரியும்."

இனிப் பட்டாசைத் தொடமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் சத்தியம் செய்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

குழந்தை பிழைத்துவிட்டது. வெண்மதி என்று பெயர் வைத்தார்கள். நிறம் தெளிந்து, முகம் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான்.

பொங்கல் கழிந்து ஒருநாள், அவன் கை தவறி எவர்சில்வர் குடம் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது. பாயில் கிடந்த வெண்மதி காலை உதைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்திருந்தாள். அவன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கை தட்டினான். இன்னும் ஓங்கித் தட்டினான். கை எரிந்தது. அவள் திரும்பவில்லை.

கலைமணி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் திகைப்பே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தர்மபுரியிலிருந்து வூட்டுக்கு வந்த வாரமே தெரியுங்க. நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான் சொல்லல."

அவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். அவள் வந்து துண்டை விலக்கினாள்.

"வாய்விட்டே அழுவுங்க. நான் தெனமும் அவ பக்கத்துல படுத்துதான் அழுவறேன். முழிச்சுக்க மாட்டா."