அண்ணி கையில் பொரித்தது

நுரை விஷயத்தில் யாராவது என்னைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஜன்னல் மாட்டுவது எங்கள் தொழில். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் டப்பாவிலிருந்து நுரையைப் பீய்ச்ச வேண்டும். அது உப்பி, மறுநாள் ரஸ்க் மாதிரி இறுகிவிடும். வெளியே பிதுங்கியதைப் பிளேடால் சீவி எடுப்பதில்தான் வேலைக்காரனின் கை தெரியும். என் கையைப் பற்றி நானே சொன்னால் நன்றாக இருக்காது. ஆனால் இந்த ஊரில் என்னைப் போல் சீவ ஆள் இல்லை.

கடையை நடத்துவது அண்ணி. ஒரு பயாலஜி டீச்சரின் வீட்டில் நான் மாட்டிய ஜன்னலைச் சோதிக்கப் போனவர், வெளிப்பக்கச் சட்டத்தில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார். பழுப்பு நிறம், விரல் பருமன், தொட்டால் சொரசொரப்பு. நுரையைச் சீவாமல் விட்டுவிட்டேன் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். நல்லவேளை, டீச்சர் வீட்டில் இல்லை என்று பெருமூச்சு வேறு. கட்டி ஒட்டியிருந்த சட்டத்தின் ஓரப் பட்டையை அப்படியே கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டி, வேலை எப்படி இருக்கக் கூடாது என்று பாடம் நடத்தினார். என் மானம் கப்பலேறியது.

அது என் நுரையே இல்லை என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன். பின்னே யார் வந்து பீய்ச்சிவிட்டுப் போனார்களாம் என்று கேட்டார் அண்ணி. தெரிந்தால்தானே சொல்ல? அண்ணன் வழக்கம்போல் கண்ணாடி துடைக்கப் போய்விட்டார். எங்கள் கடைக் கண்ணாடிகள் இவ்வளவு பளபளப்பதற்கு அண்ணியின் வாய்தான் காரணம்.

திட்டு வாங்குவது எனக்குப் புதிதல்ல. ஆனால் டீச்சரின் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. அதன் ஜன்னல் மொத்தத்தையும் நான் தனியாக நின்று மாட்டுவதாகப் பேச்சு. இப்போது அண்ணி வெளியாளைக் கூட்டிவரப் போகிறாராம், நான் அவனுக்கு ஏணி பிடிக்கலாமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏணியைப் பிடிக்கச் சுவர் போதாதா?

பள்ளி வேலையைப் பேசி முடிக்க டீச்சர் கடைக்கு வந்த காலையில், நான் மூலையில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி சும்மா இருப்பாரா? யார் வீட்டு ஜன்னலில் எடுத்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டு, ஸ்கூலில் இப்படி நடக்காது, வெளியாள் வருகிறான் என்று பட்டையைக் கையில் எடுத்து ஆரம்பித்துவிட்டார். அந்தக் கட்டி எந்த நாள் பொரித்திருந்தாலும் அவர் கையில்தான் பொரித்திருக்கும். அவர் அதைக் கீழே வைத்தால்தானே?

கட்டியின் நடுவிலிருந்து ஏதோ ஒழுகியது. ஒழுகியது நூலில் தொங்கியது, நெளிந்து சட்டையை உரித்தது, கால் முளைத்தாற்போல் நடந்தது. எறும்பளவுப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக அண்ணியின் விரல்மேலும் கைக்கடிகாரத்தின்மேலும் ஏறி, முன்னங்காலை மடித்துக் கும்பிட்டு நின்றன.

"அசையாதீங்க," என்றார் டீச்சர், முகமெல்லாம் சிரிப்பாக. "கும்பிடுபூச்சி. இது நுரை இல்லைங்க, முட்டைக்கூடு."

அப்புறம் டீச்சரை நிறுத்த முடியவில்லை. தாய்ப்பூச்சியும் நுரையைத்தான் பீய்ச்சுமாம், அதற்குள் முட்டையிட்டதும் நுரை இறுகிவிடுமாம். கடுங்குளிர் ஊர்களைத் தவிர உலகத்தில் எங்கே போனாலும் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர்கள் உண்டாம். குஞ்சு பெரிசின் அச்சுதான், இறக்கை மட்டும் கிடையாது. சட்டையை உரித்து உரித்து வளர்ந்து, கடைசி உரிப்பில்தான் இறக்கை வரும். பசித்தால் கூடப்பிறந்ததையே தின்னும், பெண் சில சமயம் புருஷனையும் விட்டுவைக்காது என்றார். அண்ணன் மெல்ல மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் மனசுக்குள் தீட்டிவைத்த பதிலடியெல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி, நீட்டிய கையை மடக்காமல், டீச்சரிடம் சொன்னார்.

"உங்க ஸ்கூலுக்கு இவன்தான் வருவான். தனியா வருவான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இல்லேன்னு சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும் தம்பி."

அண்ணி யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கையை ஆட்டாமல் வாங்க அண்ணி, வெளியே செடியில் விட்டுவிடலாம் என்று மட்டும் சொல்லி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.