ஒற்றைக் காலில் நின்ற வண்டி

சில நாளாக விட்டு விட்டு மழை. நனைந்த பாறைத் தூளெல்லாம் சேறாகி, அந்தச் சேறு பகல் வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, கல் குவாரியின் கீழ்ப்பள்ளமே அரைத்த மாவு மாதிரிக் கிடந்தது. சின்னவள் காலையில் வந்ததும் தன் செயின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். இடது பக்கம் வந்ததும் குந்தி உட்கார்ந்து கையால் செயினை அமுக்கிப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை.

குவாரியில் அந்தப் பெரிய பொக்லைனைச் செயின் வண்டி என்றுதான் சொல்வார்கள். டயர் கிடையாது, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகள் கோத்த செயின். பின்னாலிருக்கும் பல்சக்கரம்தான் அதை இழுத்துச் சுற்றும். அந்தச் செயின் கொஞ்சம் தொய்ந்து தொங்க வேண்டும்; உள்ளே அடைத்திருக்கும் கிரீஸின் அழுத்தம்தான் அந்தத் தொய்வைக் கூட்டிக் குறைக்கும். இன்றைக்கு அது விறைத்துக்கொண்டு நின்றது. பல்லுக்குப் பல் இடையே சேறு புகுந்து சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தது.

அவள் எழுந்து கையைத் துடைக்கும்போதே மேஸ்திரி வந்துவிட்டார். மேஸ்திரி வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். கீழ் வீட்டில் அக்கா குடும்பம், மாடி அறையில் இவள். வீட்டில் ஒரே குழம்பு, குவாரியில் அவர் மேஸ்திரி, இவள் டிரைவர்.

"வண்டியை மேல்பள்ளத்துக்கு ஏத்தும்மா. நாளைக்கு ரோடு போடுற கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்க. பெரிய வண்டி மேல நிக்கணுமாம். முதலாளி சொல்லிட்டாரு."

"ஏத்துறேன் அத்தான். செயினைச் சுத்தம் பண்ணி, கொஞ்சம் கிரீஸ் இறக்கித் தொய்வு விட்டுட்டு ஏத்துறேன்."

"அது முடிய மத்தியானம் ஆயிரும். மேல போய்ப் பண்ணிக்கோ."

"மேல போய்ச் சேர்ந்தாத்தானே பண்றதுக்கு?"

மேஸ்திரி செயினைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி ஆவதற்கு முன்னால் அவர் வருஷக்கணக்கில் இதே வண்டியை ஓட்டியவர். இறுகிய செயின் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மேலே ஏறும் பாதையோ வெறும் பாறை. நடுவில் ஒரு வளைவு. வளைவுக்கு நேர் கீழே கல் உடைக்கும் கொட்டகை. அதில் எந்நேரமும் ஆட்கள். அந்த இடத்தில் செயின் கழன்றால் வண்டி பிடிமானமில்லாமல் சறுக்கும்.

"தெரியாதவங்க சொன்னா விட்டுரலாம். நீங்க சொல்லலாமா அத்தான்?"

"இங்க அத்தான் கித்தான் வேணாம். ஏத்துன்னா ஏத்து."

போன மாதம் சமதரையிலேயே ஒருமுறை செயின் கழன்றது. கல் ஏற்றும் இடம் அப்படி. டிப்பர் எப்போதும் ஒரே பக்கம் நிற்கும், வண்டியை எப்போதும் ஒரே பக்கம்தான் திருப்ப வேண்டும். ஒரு கால் செருப்பு மட்டும் தேய்வது போல ஒரு பக்கச் செயின் மட்டும் தேய்ந்தது. டிப்பர் நிற்கும் இடத்தை மாற்றுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் காதிலும் ஏறவில்லை. கழன்ற அன்று முதலாளி காரணம் கேட்டபோது மேஸ்திரி சொன்ன பதில்: "பொம்பளைப் புள்ள, கை இன்னும் பழகல." டிப்பர்காரர்கள் சிரித்தார்கள். நம் வீட்டு மனுஷர் ஆயிற்றே என்று அவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள்.

இன்றைக்கு மூடவில்லை. வண்டியில் ஏறினாள். இஞ்சினைக் கிளப்பினாள். சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று மேஸ்திரி நகர்ந்தார். அவளோ வண்டியின் மேல்பாகத்தை இடது பக்கமாகத் திருப்பி, கல் அள்ளும் பக்கெட்டைத் தரையில் ஊன்றி அமுக்கினாள். இடது பக்கம் மெதுவாகத் தரையைவிட்டு எழும்பியது. செயின் அந்தரத்தில் நின்றது. இஞ்சினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்றே?"

"சுத்தம் பண்ணாம இது நகராது."

"கீழ இறங்கு! வேற ஆளை ஏத்துறேன்."

"இறங்க மாட்டேன். ஏத்துறதா இருந்தா என் மடியிலதான் ஏத்தணும்."

கூட்டம் கூடிவிட்டது. டிப்பர்காரர் ஒருவர் உரக்கச் சொன்னார்: "சின்னவ ஒத்தைக் கால்ல நிக்கிறா, அவ வண்டியும் ஒத்தைக் கால்ல நிக்குது!" எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஆமை என்று பெயர். எதையும் நிதானமாகத்தான் செய்வார். யாரையும் கேட்காமல் நாலைந்து கனத்த மரக்கட்டைகளை உருட்டி வந்து, தூக்கி நின்ற பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தார். மேஸ்திரி முறைத்தார்.

"வண்டி சாஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று ஆமை முனகிவிட்டு மறுபடி நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறியது. மேஸ்திரி அதட்டினார், கெஞ்சினார், வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்றார். டிரைவர் கூண்டின் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். கடைசியில் அவர் ஒதுக்குப்புறமாகப் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். பாதித் தையலில் எழுந்து வந்திருக்க வேண்டும், அளவு டேப் இன்னும் கழுத்தில் தொங்கியது. சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதைக் கையில் பிடித்தபடி வண்டிக்கு அருகே வந்தாள்.

"இறங்குடி."

"மாட்டேன்கா."

"குடும்ப மானத்தை ஏண்டி இப்படிக் குவாரியில காயப்போடுறே? எல்லாரும் சிரிக்கிறாங்க."

"பல்லு இருக்கு, சிரிக்கிறாங்க. செயின் கழண்டு இந்த வண்டி கொட்டகை மேல விழுந்தா அப்பவும் சிரிப்பாங்களான்னு கேளு."

அக்கா செயினைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படி என்னதான்டி ஆச்சு அதுக்கு?"

"பல்லிடுக்கு முழுக்க மண்ணு. மண்ணு ஏற ஏறச் செயின் இறுகும். இறுகுன செயினை இழுத்து இழுத்துப் பல்லும் தேயும், செயினைக் கோத்திருக்கிற பின்னும் தேயும். தேஞ்சதை வளைவுல வச்சுத் திருப்புனா, ஒண்ணு அறும், இல்ல கழண்டு விழும்."

"தையல் மிஷின்ல நூலை ரொம்ப இறுக்குனா அறுந்து போகுமே, அது மாதிரியா?"

"அதேதான்கா. ஆனா அங்க போறது நூலு."

அக்கா பல்லிடுக்கு மண்ணை விரலால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இந்த மண்ணை எடுக்க எத்தனை பேரு வேணும்?"

"ஒருத்தர் போதும். ஆனா நான் இறங்குனா அத்தான் வேற ஆளை ஏத்திருவாரு."

அக்கா கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டி வண்டியின் படிக்கட்டில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஆமையின் பக்கத்தில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, செயினுக்கு எதிரே நின்றாள்.

"எங்க குத்தணும்? சொல்லு."

மேஸ்திரி பாய்ந்து வந்தார். "உன்னை எதுக்குக் கூப்பிட்டேன், நீ என்ன பண்ணிட்டு இருக்கே?"

"அவளை இறக்கத்தானே கூப்பிட்டீங்க? மண்ணு இறங்குனா அவளும் இறங்குவா."

வீட்டிலேயே அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. அக்கா குத்தினாள். முதல் குத்தில் தீப்பொறிதான் வந்தது. நாலைந்து குத்துக்குப் பிறகு ஒரு செங்கல் அளவுக்குச் சேறு பெயர்ந்து விழுந்தது. தோளில் இருந்த துண்டை உதறிவிட்டு ஆமை எழுந்து வந்தார். சிரித்த டிப்பர்காரரே ஒரு மண்வெட்டியோடு வந்து நின்றார். "சும்மா நிக்கிறதுக்கு இதையாச்சும் பண்ணுவோம்" என்றார், யாரும் கேட்காமலேயே.

அக்கா வேகமாகக் குத்தப்போய்க் கடப்பாரை பல்லில் பட்டு ணங்கென்றது.

"அப்படிக் குத்தாதே, பல்லு பேந்துரும்!" மேஸ்திரியின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. வந்த பிறகு நிற்க முடியுமா? மனைவியின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி, பல்லுக்கும் சேற்றுக்கும் நடுவே சாய்வாக நுழைத்து நெம்பினார். முழுக்கட்டி ஒன்று அப்படியே கழன்று விழுந்தது. பழகிய கை. அதைப் பார்த்துக் கண்ணாடிக்குள் இருந்தவளுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டுதானே காலையில் முகத்தைத் திருப்பினார்!

கட்டிகளைப் பெயர்த்ததும் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் இஞ்சினைக் கிளப்பினாள். அந்தரத்தில் நின்ற செயினை முன்னும் பின்னும் சுற்றவிட்டாள். உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் சளசளவென்று கொட்டியது. ஆமை பக்கவாட்டில் ஒதுங்கி நின்றபடி கிரீஸ் வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்தார். அடைபட்டிருந்த கிரீஸ் புழுவாக நெளிந்து வெளியே வந்தது. செயின் மெல்ல இளகி, நடுவில் வயிறு சரிந்தது போலத் தொங்கியது. அதன் பிறகுதான், ஆமை மரக்கட்டைகளை உருவியதும், அவள் வண்டியை இரண்டு காலில் இறக்கினாள். மேல்பாகம் சுழலும் வண்டியில் முன் பின் குழம்பிவிடும் என்பதால், பின்னாலிருக்க வேண்டிய பல்சக்கரம் பின்னாலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மேல்பாதைக்குத் திரும்பினாள்.

ஏற்றத்தில் அவள் அவசரப்படவில்லை. வளைவில் ஒரே இழுப்பாகத் திருப்பாமல், கொஞ்சம் முன்னால், கொஞ்சம் திருப்பு, மறுபடி கொஞ்சம் முன்னால் என்று பாறையோடு மல்லுக்கட்டாமல் போனாள். கீழே கொட்டகையிலிருந்தவர்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வண்டி மேல்பள்ளத்தில் போய் நின்றது.

பின்னாலேயே நடந்து வந்த மேஸ்திரி மூச்சு வாங்கச் சொன்னார்: "பாத்தியா? ஒண்ணுமே ஆகல. இதுக்குப் போய் இத்தனை ரகளை."

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் அத்தான் அத்தனை ரகளையும்."

சாயங்காலம் முதலாளி வந்தார். வண்டி மத்தியானத்துக்குப் பிறகுதான் மேலே வந்தது என்று யாரோ அதற்குள் ஓதிவிட்டிருந்தார்கள்.

"யாரு வேலையை நிறுத்தச் சொன்னது?"

மேஸ்திரி ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தாங்க. செயின் கொஞ்சம் இறுகியிருந்துச்சு, அதான்..."

"அவரு இல்ல," என்றாள் சின்னவள். "அவரு ஏத்தச் சொன்னாரு. நிறுத்துனது நான்."

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

"வருவேன். நாளைக்கு வெளி ஆளுங்க வர்றாங்கல்ல? அவங்க முன்னாடி வச்சுப் போகச் சொல்லுங்க. ஏன் போகச் சொல்றீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்காவின் உள்ளங்கை கொப்புளித்திருந்ததால் சின்னவள்தான் பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில் மேஸ்திரி தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நான்தான் பழியை ஏத்துக்கிட்டேன்ல? பேசாம இருந்திருந்தா சமாளிச்சிருப்பேன்."

"போன மாசமும் சமாளிச்சீங்க அத்தான். எனக்குக் கை பழகலைன்னு சொல்லி."

அவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அக்கா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். இந்த விஷயம் அவளுக்குத் தெரியாது. மறு சோறு வேண்டுமா என்று அன்றைக்கு அவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் குவாரி வாசலில் வாட்ச்மேன் நெளிந்தார். "முதலாளி உன்னை உள்ள விட வேணாம்னு..."

"அவரு வந்து சொல்லட்டும் அண்ணே. அதுவரைக்கும் நான் என் வேலையைப் பாக்குறேன்."

வாட்ச்மேன் வழிவிட்டார். அவள் மேல்பள்ளத்துக்கு நடந்து போனாள். வலது பக்கச் செயினில் இறுக்கம் இல்லாததால் முந்தின நாள் அதைத் தொடவில்லை. தண்ணீர் ஹோஸை இழுத்து வந்து, ரோலர்களுக்கு நடுவே பாய்ச்சிக் கழுவ ஆரம்பித்தாள். ஹோஸில் நாலு இடத்தில் ஓட்டை. பாதித் தண்ணீர் அவள் மேல்தான் அடித்தது.

அப்படி நனைந்து நின்றபோதுதான் கார்கள் வந்தன. தலையில் ஹெல்மெட்டோடு கம்பெனிக்காரர்கள் இறங்கினார்கள். கூடவே முதலாளி. அவளைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டியது. மேஸ்திரி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவர்களில் ஓர் அம்மா நேராக வண்டியருகே வந்து, குனிந்து செயினைப் பார்த்தார்.

"காலையிலேயே கழுவுறீங்களே, ஏதாவது பிரச்சினையா?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்ல மேடம். எங்க குவாரியில இது கட்டாயம். தினமும் காலையில செயினைச் சுத்தம் பண்ணி, தொய்வு பாத்துட்டுத்தான் வண்டியையே எடுப்போம்."

எங்கேயோ ஆமை இருமினார். மேஸ்திரி இன்னும் ஆழமாக மண்ணைப் பார்த்தார். அந்த அம்மா தலையை ஆட்டினார். "ரொம்ப நல்லது. பல இடத்துல இதைக் கண்டுக்கிறதே இல்ல."

சின்னவள் ஹோஸை மடக்கிப் பிடித்துத் தண்ணீரை நிறுத்தினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"தினமும்தானே முதலாளி?"

முதலாளி அவளைப் பார்த்தார். ஹெல்மெட்டுகள் எல்லாம் அவரைப் பார்த்தன.

"தினமும்தான்," என்றார்.

"சின்ன வண்டிக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"மேஸ்திரி, கேட்டுக்கிட்டீங்களா?"

மேஸ்திரி முதல்முறையாக நிமிர்ந்தார். மெதுவாகச் சொன்னார்: "கேட்டுக்கிட்டேன். டிப்பர் நிக்கிற இடத்தையும் இன்னைக்கு மாத்திரலாம்னு இருக்கேன். ஒரே பக்கம் தேயுது."

வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கார்களின் சத்தம் அடங்கியதும் முதலாளி தனியாகத் திரும்பி வந்தார். அவள் இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன்னை வர வேண்டாம்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காத்திருந்தாள். ஹோஸ் ஓட்டையிலிருந்து பீறிய தண்ணீரைப் பார்த்து அவர் ஓர் அடி தள்ளி நின்றார்.

"இந்த ஹோஸ் முழுக்க ஓட்டை முதலாளி," என்றாள் அவள். "தினமும் கழுவணும்னா புதுசு ஒண்ணு வேணும். நீளமாவே வாங்குங்க, ரெண்டு பக்கமும் எட்டட்டும்."