வெள்ளிக்கிழமைகளின் ராணி

“மம்மி, குயினைத் துரத்திட்டாங்கல்லா? தென், அவங்களுக்கு யாரு ஃபுட் குடுத்தா?”

சுபிஷா அப்போது இரண்டாம் வகுப்பு. குவைத்தின் அப்பாசியா பகுதியில், அவர்கள் ஃபிளாட்டின் ஹாலில் கொரிய ராஜாக்கள் காலத்துத் தொடர் ஒன்றின் டிவிடி ஓடும். கீழே வரும் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்வது அவள் வேலை. அன்று ராஜா தன் ராணி இன்ஹியோனின் பட்டத்தைப் பறித்து, வெள்ளை உடையில் அரண்மனையை விட்டு அனுப்பினார். ஜாங் என்னும் ஆசைநாயகி ராணியானாள்.

“ராணிக்கா சோத்துக்குப் பஞ்சம்? நீ படி மக்கா,” என்று சிரித்தாள் அதே ஃபிளாட்டில் பக்கத்து அறையில் இருந்த அருள்செல்வி. பிள்ளையின் தாய் எப்சிபாவும் சிரித்தாள்.

எப்சிபா ஃபர்வானியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். அருள்செல்வி அவளுக்குக் கீழே வேலை பார்த்தாள். ஊரிலிருந்து அவளைக் கூட்டி வந்ததே எப்சிபாதான். இன்சார்ஜுக்குப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் அவள் கையில் இருந்தது. குவைத்தில் சர்ச் ஆராதனை வெள்ளியன்றுதான். தன் சபைக்காரிகளுக்கெல்லாம் எப்சிபா அன்று லீவு போட்டுவிடுவாள். சபையைச் சேராத நர்ஸ் ஜலஜாவுக்கு வெள்ளிதோறும் டியூட்டி. ஜலஜாவின் கணவன் ரகுநாதன் பாலைவனத்தில் ஒரு சைட் கேம்பில் இருந்தான். அவனுக்கும் வெள்ளி ஒன்றுதான் விடுமுறை.

“எக்கா, மாசத்துல ஒரு வெள்ளியாவது...”

“கர்த்தருடைய காரியம் பிள்ளே, நான் என்ன செய்ய?” என்பாள் எப்சிபா. மனதார நம்பித்தான் சொன்னாள்.

இதைத்தான் அருள்செல்வி மேட்ரனிடம் கொண்டுபோனாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த லீவுகளில் தனக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அருள்செல்வி இன்சார்ஜ் ஆனாள். எப்சிபா, ஆபரேஷன் கருவிகளை ஆவியில் வைத்தெடுக்கும் ஸ்டெரிலைசர் அறைக்குப் போனாள். இனி வெள்ளிதோறும் அவளுக்கு டியூட்டி. எக்கா எக்கா என்று சுற்றியவர்களுக்கு அவளைக் கண்டதும் அவசர வேலை வந்தது. வீட்டில் ஒரே அடுக்களையில் இரண்டு பெண்களும் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தார்கள்.

பெரிய வெள்ளி வந்தது. எப்சிபா கையுறை மாட்டும்போது ஜலஜா உள்ளே வந்தாள்.

“நீங்க சர்ச்சுக்குப் போங்க எக்கா. இங்க நான் நிக்கேன்.”

“உனக்கு இப்பதான வெள்ளி லீவு கிடைக்கு? ரகுநாதன் காத்திருப்பானே!”

“அவரு அடுத்த வெள்ளியும் அங்கதான் இருப்பாரு. உங்க சாமி இன்னைக்குத்தான சாவுதாரு? ஓடுங்க.”

எப்சிபா ஓடினாள். சர்ச்சில் முழங்காலிட்டவளுக்குச் சிலுவையை நிமிர்ந்து பார்க்க முகம் இல்லை.

அந்தக் கோடையில் சைட் மூடியது. ஜலஜாவும் ரகுநாதனும் ஊருக்குப் போய்விட்டார்கள். திருப்பிக் கொடுக்க எப்சிபாவின் கையில் அன்று ஒரு வெள்ளிக்கிழமைகூட இல்லை.

மேட்ரன் மாறியபோது எல்லாம் தலைகீழானது. எப்சிபா மறுபடி இன்சார்ஜ். ஸ்டெரிலைசர் அறைக்கு அருள்செல்வி. “அவளுக்கு வெள்ளி லீவே கிடையாது,” என்றாள் புது மேட்ரன்.

“எக்கா, அந்தத் தொடர்ல ஜாங்குக்குக் கடைசில விஷம் குடுத்தானுவல்லா? நாம எப்போ?” என்று கேட்டான் நர்ஸ் ரிஜோ. வார்டே சிரித்தது. எப்சிபாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு இனித்தது என்பதை நினைத்து, அன்று ஜெபிக்க உட்கார்ந்தவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

மறு பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அருள்செல்வியிடம் போனாள்.

“நாளைக்கு உனக்கு லீவு. மேட்ரன் சொல்லிச்சு.”

பொய். சபையில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுப்பவள் அவள்.

அன்று அடுக்களையில் அருள்செல்வி தன் கணவன் ஞானசிங்கிடம் உரக்கச் சொன்னாள்: “மேட்ரன் வேற சாதி, வேற சாமி. அதுக்கு இருக்க மனசு, வேதத்தைத் தூக்கிட்டு நடக்க சிலருக்கு இல்ல பாத்தியளா?”

எப்சிபா மீன்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல நாக்கு துடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் சபை முழுக்க மூன்று மணிநேர ஆராதனையில் இருந்தது. இன்சார்ஜ் ஆனதும் பெரிய வெள்ளிக்குக்கூட வரவில்லையே என்று யாரோ அவளைப் பேசியிருப்பார்கள். ஸ்டெரிலைசர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, அருள்செல்வியின் டியூட்டியில் எப்சிபா தனியே நின்றாள். ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்தாள். சூடு ஆறக் காத்திருந்து, பச்சைத் துணியில் பொதிந்திருந்த கத்தரிகளையும் இடுக்கிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.