பிள்ளைகள் ஊன்றிய காமன்

மாசி மூன்றாம் பிறை கண்டதும் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசன் பொட்டலில் மன்மதன் பேரில் கம்பம் நட்டுக் காமன் ஊன்றுவார்கள். ஊன்றுகிறவர் காமன் கூத்து மாஸ்டர் சின்னத்தம்பி. மறுநாளே கடைசி லயத்து வீடுகளுக்குப் பின்னால் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு குட்டிக் காமனை ஊன்றிவிடுவார்கள். ஒரு ஆமணக்குக் குச்சி, நாலு வரட்டி, தப்பு மேளத்துக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் தகரம். பெரியவர்கள் கண்டும் காணாததுபோல் போய்விடுவார்கள். சின்னத்தம்பிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷமாக ஒரு எழுத்துப் பிசகாமல் காமனை நடத்துகிறவர் அவர். தெய்வ காரியம் என்ன, கொட்டாங்கச்சியில் ஆக்குகிற மண்சோறா?

அந்த வருஷம் இன்னும் மோசம். மூக்கனின் மகள் பூரணிக்கு ரதி வேஷம் கட்டி, கையில் மஞ்சள் நூல் காப்பும் கட்டியிருந்தார்கள். ரதி என்றால் ஆண்பிள்ளை கட்டுகிற வேஷம். பெரிய காமனில் ரதியாக ஆடும் அழகுமுத்து அதற்காக மீசையை எடுத்துவிட்டு, பதினாறு நாளும் பெண்டாட்டியின் கேலியைச் சகித்துக்கொள்கிறான். ஒன்பது வயதுப் பெண்குட்டி ரதியா? ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று சின்னத்தம்பி துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

அதற்குள் மூக்கனே வாசலில் வந்து நின்றான். கூட வேலாயுதம். தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஆள். பின்னால் துணிப்பையோடு பூரணி, அவளுடைய அம்மா மீனம்மா. அவர்களுக்கும் பின்னால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும்.

"மாஸ்டர், வட்டகொடை ஸ்டேசன்ல பதினோரு மணிக் கோச்சிக்குப் புள்ளய அனுப்பணுங்க. காப்பு கட்டியிருக்கு, தோட்டத்து எல்லையத் தாண்ட மாட்டேன்னு நிக்கிது. வெளையாட்டுக் காப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், அறுத்துப் போட்டுருவேன்" என்றான் மூக்கன்.

"அத நீயே அறுக்கிறதுதானே?"

மூக்கன் இரண்டு தரம் கை வைத்துப் பார்த்திருந்தான். அறுக்கத் துணிவு வரவில்லை. காமன் காப்போடு எல்லை தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவனுக்கும் தெரியும்.

சின்னத்தம்பி நூலைப் பார்த்தார். கடையில் சீனிப் பொட்டலம் கட்டி வந்த நூல். மஞ்சள்கூட ஒழுங்காகப் பூசவில்லை. மாஸ்டர் மந்திரம் சொல்லிக் கட்டாதது காப்பே இல்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். பூரணி அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அழவில்லை. அவருக்கு எரிச்சல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த எரிச்சல் பிள்ளைகள் மேல் இல்லை என்று தெரிந்தது.

"பெற பாத்துத்தான் ஊன்டுனீங்களா?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

"பாத்தோங்க."

"குளிச்சீங்களா?"

"மலையிலருந்து கொட்டுற பீலித் தண்ணியில குளிச்சோங்க. நடுங்கிக்கிட்டே."

"கவுச்சி திங்கலையே?"

"அது பொங்கலுக்கு முந்தியிருந்தே வீட்ல கெடையாதுங்க" என்றாள் பூரணி.

சின்னத்தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பது வருஷத்தில் முதல்முறையாகக் காமன் பேரில் ஒரு பொய்யைச் சொன்னார். "அப்ப காமன் காமன்தான். காப்பும் காப்புத்தான். கழட்டுறதுக்கு இன்னும் பதினாலு நாள் கெடக்கு."

"பதினாலு நாளைக்கு எச்சித் தட்டக் கழுவாம கொழும்பு வீட்டுக்கார நோனா வச்சிக்கிட்டு இருப்பாங்களா?" என்றான் வேலாயுதம்.

"அத மன்மதன்கிட்டத்தான் கேக்கணும்."

வேலாயுதம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினான். மீனம்மா மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

சொன்னதோடு பொய் தீர்ந்துவிடவில்லை. மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் வந்து, தங்கள் காமனுக்கு மந்திரம் சொல்ல யார் வருவது என்று கேட்டார்கள். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த கையோடு, ஆமணக்குக் குச்சி முன்னால் சின்னத்தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தினமும் உட்கார்ந்தார். ஒரு தோட்டத்தில் ரெண்டு ரதி இருந்தால் மன்மதன் என்ன செய்வான் என்று அழகுமுத்து சண்டைக்கு வந்தான்.

பௌர்ணமியில் சிவன் எரித்த காமனை மூன்றாம் நாள் ரதிக்காக எழுப்பியாயிற்று. பீலிக்கரையில் பூரணியின் காப்பை அவரே கழற்றினார். அவள் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"வேலாயுதம் திரும்பி வந்தானா?" என்று மூக்கனைக் கேட்டார்.

"எதுக்கு வரப்போறாரு? அன்னைக்கே மேல் டிவிசன்ல நாகலெட்சுமியக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. எட்டு வயசு. அதே கோச்சியில."

"அங்க புள்ளைங்க காமன் ஊன்டலையா?"

மூக்கன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்கதானே மாஸ்டர் போன வருசம் போயிப் புடுங்கி எறிஞ்சீங்க. இனிமே ஊன்டுனா கைய ஒடிச்சிருவேன்னு சொன்னீங்க."

நல்ல பிள்ளைகள். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தார்கள்.