தாழிக்கு எழுதிய அட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் அருங்காட்சியகத்தில் முதுமக்கள் தாழி ஒன்றின் கீழே இருந்த அட்டையைப் படித்தேன். கண்ட இடம், ஆழம், ஆண்டு, வழங்கியவர். தோண்டியவர் யார் என்ற கேள்வி மனத்தில் தைத்துக்கொண்டது. இந்தக் கதைக்கு ஆதாரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'1974. கபாலி கோயில் மணி ஒலிக்க...' வேண்டாம். மயிலாப்பூர் என்றாலே நமக்கு மணியை அடித்தாக வேண்டும்.

மீண்டும். ஐரின் மயிலாப்பூரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அட்டை எழுதுபவள். தொல்பொருள் கூடத்தைப் புதுப்பித்து நாளை திறக்கிறார்கள். முதலில் பென்சிலில் எழுதுவாள். அதிகாரி பார்த்த பிறகு அதன்மேல் கறுப்பு மையை ஓட்டுவாள். தாழியின் அட்டையில், யாரும் கேட்காத ஐந்தாவது வரி ஒன்றைச் சேர்த்திருந்தாள்: 'தோண்டியவர்: பவுல்சாமி.'

பவுல்சாமி சாந்தோம் குப்பத்துக்காரன். அடையாறில் ஒரு பங்களாவுக்குக் கிணறு வெட்டும்போது பதினோராவது அடியில் தாழி தட்டுப்பட்டது. அதை உடையாமல் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். அவன் ஏறுவதற்குள் மண் சரிந்து அவனை மூடிவிட்டது. அவன் மனைவி ஆரோக்கியமேரியும் ஐரினும் ஒரே பங்குக் கோயிலில் பூசைக்குப் போகிறவர்கள். "பேர் வரும்க்கா" என்று ஐரின் வாக்குக் கொடுத்திருந்தாள்.

(அந்தக் கிணற்றுக்குள் இறங்க மூன்று முறை முயன்றேன். 'முதலில் முழங்கால் வரை மண்...' எனக்குத் துணிவில்லை.)

3

அதிகாரி சிதம்பரநாதன் கெட்டவர் அல்ல. முதல் பிரதியில் கெட்டவராக எழுதினேன், பொய்யாக இருந்தது. அட்டையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தோண்டினவர் பேரைப் போட்டா, தாழியை வனைஞ்சவர் பேரையும் போடணுமேம்மா. எங்க போய்த் தேடறது?"

"இவர் பேர் தெரியுமே சார்."

அவர் ரப்பரை எடுத்தார். அந்த வரியைத் தாமே அழித்தார். ரப்பர் துகளைத் தாமே ஊதினார். ஐரின் மற்ற நான்கு வரிகளுக்கும் மையேற்றினாள். வேலை போய்விட்டால் அப்பாவின் மருந்துக்கு... (இல்லை. ஏழ்மையைக் காட்டி அவளைக் காப்பாற்றப் பார்க்கிறேன். அவள் பயந்தாள், அவ்வளவுதான்.)

4

திறப்பு நாள். ஆரோக்கியமேரி துவைத்து மடித்த புடவையில் வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"அவரு பேரு எங்க கீதும்மா?"

முடிவு அ: ஐரின் உண்மையைச் சொல்கிறாள். எழுதினேன், கிழித்தேன். ஆரோக்கியமேரி படியிறங்கிப் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

முடிவு ஆ: ஐரின் விரலை நீட்டி, "இதோ, இங்கக்கா" என்கிறாள். அவள் காட்டியது இரண்டாவது வரி. 'ஆழம்: பதினோரு அடி.' ஆரோக்கியமேரி அந்த வரியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்து, சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

இதையும் கிழித்திருப்பேன். அதற்குள் ஐரின் கூட்டத்தில் நழுவிவிட்டாள்; நான் அழைத்தும் திரும்பி வரவில்லை. ஆரோக்கியமேரி அங்கேயே நிற்கிறாள். அந்தப் பெயரை ஒருமுறை காதால் கேட்கவேண்டும் போலிருக்கிறது அவளுக்கு. படிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று பார்க்கிறாள். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். உங்களைத்தான் கேட்கிறாள்:

"இந்த வரிய கொஞ்சம் சத்தமா படிச்சி சொல்றீங்களா?"